வருவாயின் உச்சியில் விடுபட்டவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை போய்ப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். படித்ததுமே எனக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் எல்லாரும் அதைப் போட்டிருப்பீர்கள். ஒரு பொருளின் தேவைச் சமன்பாடு நேர்கோடாகக் கொடுக்கப்பட்டிருக்கும்; மொத்த வருவாய் உச்சமாகும் விலையைக் காண்க என்று கேட்டிருப்பார்கள். நான்கு வரியில் விடை வந்துவிடும். ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அந்த நான்கு வரிக்குப் பிறகும் சமன்பாட்டில் நிறையச் சொல்ல மீதி இருக்கிறது என்பதே என் பேச்சு. நேர்கோட்டுத் தேவைச் சமன்பாட்டைக் கொண்டு வருவாய் உச்சமாகும் விலையைக் கண்டுபிடிக்கலாம். அதே கோடு, அந்த விலையில் எத்தனை பேர் வாங்க முடியாமல் விடுபட்டார்கள் என்பதையும், அவர்களை உள்ளே கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்பதையும் எண்ணிச் சொல்லும். முதல் கேள்வியைவிட இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கருவி அதிகம் பயன்படும் என்பது என் துணிபு. ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. நான்கு வரிக் கணக்கு

ஓர் ஊற்று நீர் விற்பனையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் விற்கும் குடங்களின் அளவு = 120 − 4வி. இதில் வி என்பது ஒரு குடத்தின் விலை, ரூபாயில். விலை ஒரு ரூபாய் ஏறினால் நான்கு குடம் குறையும். விலை 30 ஆனால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். இந்த 30ஐத் தேவை அற்றுப்போகும் விலை என்று வைத்துக்கொள்வோம்.

மொத்த வருவாய் = விலை × அளவு = 120வி − 4வி². முதல் வகைக்கெழு 120 − 8வி. அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் வி = 15. இரண்டாம் வகைக்கெழு −8, குறையெண்; ஆகவே இது உச்சம்தான். 15 ரூபாய்க்கு 60 குடம் விற்கும், வருவாய் 900 ரூபாய்.

வகைநுண்கணிதம் படிக்காதவர்களும் இதைக் காணலாம். விலை 0 என்றால் வருவாய் இல்லை. விலை 30 என்றாலும் இல்லை. நடுவில் வருவாய்க் கோடு ஒரு பரவளையமாக எழுந்து இறங்குகிறது. பரவளையம் இரு பக்கமும் ஒத்திருப்பதால் அதன் உச்சி சரிபாதியில், 15இல், இருந்தாக வேண்டும். தேவை நேர்கோடாக இருந்தால், வருவாய் உச்சமாகும் விலை எப்போதும் தேவை அற்றுப்போகும் விலையில் பாதி. விலை மாறும் அதே விகிதத்தில் அளவும் மாறும் இடம், அதாவது தேவை நெகிழ்ச்சி ஒன்று ஆகும் இடமும் அதுவே.

இதுவரை பாடநூல். இனி, பெரும்பாலான பாடநூல்கள் நின்றுவிடும் இடத்துக்கு அடுத்த அடி. விலையை 15இலிருந்து 12ஆகக் குறைத்துப் பாருங்கள். அளவு 72, வருவாய் 864. உச்சத்தைவிட 36 ரூபாய்தான் குறைவு, அதாவது நூற்றுக்கு நான்கு. விலையை 18ஆக உயர்த்தினாலும் வருவாய் அதே 864. ஆனால் அளவு 48. உச்சியில் பரவளையம் ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் அங்கே விலையைச் சற்று முன்பின் நகர்த்துவதில் விற்பவருக்குப் பெரிய இழப்பு இல்லை. வாங்குபவர்கள் பக்கம் நிலைமை வேறு. 18 ரூபாயில் 48 குடம், 12 ரூபாயில் 72 குடம். ஒன்றரை மடங்கு வித்தியாசம். விலை உச்சியிலிருந்து நூற்றுக்கு இருபது விலகினால் வருவாய் நூற்றுக்கு நான்குதான் குறையும். நேர்கோட்டுத் தேவை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. நூற்றுக்கு இருபதின் (0.2) வர்க்கமே நூற்றுக்கு நான்கு (0.04). வகுப்பறையில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் விடக் கூடாது.

2. கூர்னோவும் துப்புயியும்

ஊற்று நீரை நான் சும்மா எடுக்கவில்லை. 1838இல் ஆந்துவான் ஒகுஸ்தேன் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், செல்வக் கோட்பாட்டின் கணித நெறிகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவக் குணம் உள்ள கனிம நீரூற்று ஒன்றின் ஒரே உரிமையாளரை அதில் அவர் நிறுத்தினார். ஊற்று தானாகச் சுரக்கிறது, எடுக்கச் செலவில்லை. என்ன விலை வைத்தால் அவருக்கு அதிகம் கிடைக்கும்? விலையையும் விற்பனையையும் பெருக்கி, வகைக்கெழுவைப் பூச்சியமாக்கி, விடையின் நிபந்தனையை எழுதினார். கோடு நேராக இருக்க வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. எந்த வடிவச் சார்புக்கும் பொருந்தும்படி எழுதினார். நாம் தேர்வில் போடும் கணக்கின் பிறப்பிடம் அந்தப் பக்கங்கள். நூலை அன்று கவனித்தவர்கள் மிகக் குறைவு. 1863இல் அதே கருத்துகளைக் கணிதக் குறிகள் இல்லாமல் மறுபடி எழுதி வெளியிட்டார் என்பதிலிருந்தே அவர் பட்ட ஏமாற்றம் புரியும்.

கூர்னோ உரிமையாளரின் பக்கம் நின்று கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1844இல், ழூல் துப்புயி என்ற பொறியாளர் மறு கரையில் நின்று கேட்டார். பாலங்களையும் சாலைகளையும் கட்டும் பிரெஞ்சு அரசுத் துறையில் அவர் வேலை பார்த்தார். பாலம் கட்டியாகிவிட்டது, இன்னும் ஒருவர் கடப்பதால் பாலத்துக்கு எந்தச் செலவும் இல்லை. அப்படியிருக்க, சுங்கம் வைத்ததால் கடக்காமல் திரும்பிப் போனவருக்கு நேர்ந்த இழப்பு யார் கையில் சேர்ந்தது? யார் கையிலும் சேரவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தப் பயன் அப்படியே மறைந்துவிட்டது.

நம் ஊற்றில் வைத்து அளந்து பார்ப்போம். நீரை இலவசமாகத் தந்தால் மக்கள் அடையும் மொத்தப் பயன், கோட்டுக்குக் கீழ் உள்ள முக்கோணத்தின் பரப்பு: 30 × 120 ÷ 2 = 1800 ரூபாய். விலை 15 என்று வைத்தால் 900 உரிமையாளருக்கு. வாங்கியவர்கள், தாம் கொடுக்கத் தயாராக இருந்ததைவிடக் குறைவாகக் கொடுத்ததால் பெறும் நுகர்வோர் உபரி 450. மீதி 450 மறைந்தது. செலவில்லாத பொருளுக்கு வருவாய் உச்ச விலை வைத்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள், மொத்தப் பயனில் கால் பங்கு ஒருவருக்கும் கிடைக்காமல் போகும். கோட்டின் சாய்வு எதுவாக இருந்தாலும் இந்தப் பாதியும் காலும் மாறுவதில்லை.

விலையைப் பாதியாக்கி ஏழரை ரூபாய் என்று வைத்தால்? அளவு 90. வருவாய் 675, முன்பிருந்ததில் முக்கால் பங்கு. மறையும் பயனோ 450இலிருந்து 112.50ஆகச் சுருங்கிவிடுகிறது. வருவாயில் காலை விட்டுக்கொடுத்து, இழப்பில் முக்காலை மீட்கலாம். நகராட்சிக் குடிநீருக்கும் நூலகச் சந்தாவுக்கும் கட்டணம் குறிக்கும் அதிகாரிகள் எல்லாரும் இந்த ஒரு வரியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

3. ஒரு பென்னித் தபால்

கற்பனை ஊற்று போதும். இந்தக் கணக்கை வரலாறு ஒரு நாட்டின் அளவில் போட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு: 1840இன் பிரிட்டன்.

அதற்கு முன் அங்கே கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி, அதாவது பதின்மூன்றரை பென்ஸ். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாளாக எண்ணப்படும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு முத்திரை வைத்தார்கள். இடத்தை மிச்சப்படுத்த, எழுதி முடித்த தாளைத் திருப்பிப் பிடித்து வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதினார்கள். உள்ளே எத்தனை தாள் என்று அறிய ஊழியர்கள் கடிதத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியவர் பெறுபவர். தபால்காரர் ஒவ்வொரு வாசலிலும் காசுக்காகக் காத்து நின்றார்.

1837இல் ரோலண்டு ஹில், முன்னாள் பள்ளி ஆசிரியர், தபால் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1815 முதல் 1835 வரை மக்கள்தொகை வளர்ந்தும் தபாலின் நிகர வருவாய் வளரவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது என்று காட்டினார். அதே இருபது ஆண்டுகளில் பயண வண்டிகள் மீதான வரி இரு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. மக்கள் முன்பைவிட அதிகம் நடமாடினார்கள். கடிதம் மட்டும் எழுதவில்லை. பிறகு செலவைக் கணக்கிட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று கண்டார். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பதற்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று. நாடு முழுவதும் ஒரே கட்டணம், அனுப்புபவர் முன்பணமாகச் செலுத்துவது, அரை அவுன்சுக்கு ஒரு பென்னி என்பது அவர் திட்டம். 1840 ஜனவரி 10 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்த மே மாதத்தில் முதல் அஞ்சல்தலை வெளியானது.

இப்போது எண்கள். 1839இல் கட்டணம் செலுத்திய கடிதங்கள் சுமார் 7.6 கோடி என்பது அன்றைய மதிப்பீடு. 1840இல் 16.9 கோடி. மொத்த வருவாய் 23.9 லட்சம் பவுண்டிலிருந்து 13.6 லட்சமாக இறங்கியது. நிகர வருவாய் 16.3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக விழுந்தது. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்று வகுத்தால், ஒரு கடிதத்துக்குக் கிடைத்த சராசரி வருவாய் 1839இல் 7.55 பென்ஸ், 1840இல் 1.93 பென்ஸ். வெளிநாட்டுத் தபாலும் எடை மிகுந்த கடிதங்களும் இதில் சேர்ந்திருப்பதால்தான் அது ஒரு பென்னியைவிடக் கூடுதலாக இருக்கிறது.

இரண்டு விலை, இரண்டு அளவு. ஒரு நேர்கோடு வரைய இது போதும். விலை 5.62 பென்ஸ் குறைந்ததற்கு 9.3 கோடிக் கடிதம் கூடியது. ஒரு பென்னிக்கு ஏறத்தாழ 1.65 கோடி. ஆகவே கடிதங்கள் (கோடியில்) = 20.1 − 1.65வி. தேவை அற்றுப்போகும் விலை சுமார் 12.2 பென்ஸ். அதில் பாதி 6.1 பென்ஸ். அந்த விலையில் 10 கோடிக் கடிதங்கள், சுமார் 25.5 லட்சம் பவுண்டு வருவாய்.

இந்த விடையை உற்றுப் பாருங்கள். வருவாயை மட்டும் நோக்கமாகக் கொண்டால், இந்தக் கோட்டின்படி பழைய ஏழரை பென்ஸ் கட்டணம் உச்சிக்குப் பக்கத்திலேயே இருந்தது! ஒன்றரை பென்னி குறைத்திருந்தால் போதும், ஒன்றரை லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கருவூலத்தின் ஆலோசகர் ஆறு பென்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

செலவைச் சேர்த்தால் விடை மாறுமா? மொத்த வருவாய்க்கும் நிகர வருவாய்க்கும் உள்ள வித்தியாசமே நிர்வாகச் செலவு. அது 7.57 லட்சம் பவுண்டிலிருந்து 8.59 லட்சமாக, ஒரு லட்சம் பவுண்டு மட்டுமே கூடியது. 9.3 கோடிக் கூடுதல் கடிதங்களுக்குப் பங்கிட்டால் கடிதம் ஒன்றுக்குக் கால் பென்னி. இதுவே இறுதிநிலைச் செலவு. நேர்கோட்டுத் தேவையில் இறுதிநிலைச் செலவில் பாதிதான் விலையில் ஏறும் என்பது விதி. ஆகவே இலாபம் உச்சமாகும் விலை, வருவாய் உச்ச விலையைவிட எட்டில் ஒரு பென்னி மட்டுமே அதிகம். அதாவது, கொண்டுசெல்லக் கால் பென்னி ஆகும் ஒன்றுக்கு ஆறு பென்னிக்கு மேல் வாங்குவதே கருவூலத்துக்கு நல்லது என்று அதே கோடு சொல்கிறது.

துப்புயியின் கேள்வியை இப்போது இந்தக் கோட்டிடம் கேட்கிறேன். கட்டணம் 7.55இலிருந்து 1.93ஆக இறங்கியதில் எழுதுபவர்கள் அடைந்தது என்ன? முன்பே எழுதிக்கொண்டிருந்த 7.6 கோடிக் கடிதங்களில் கடிதம் ஒன்றுக்கு 5.62 பென்ஸ் மிச்சம்: சுமார் 17.8 லட்சம் பவுண்டு. புதிதாக வந்த 9.3 கோடிக் கடிதங்களின் பயன், முக்கோணப் பரப்பாக, சுமார் 10.9 லட்சம் பவுண்டு. இரண்டும் சேர்ந்து 28.7 லட்சம். கருவூலம் இழந்த நிகர வருவாய் 11.3 லட்சம். முதல் ஆண்டிலேயே, கருவூலம் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் கடிதம் எழுதுபவர்கள் இரண்டரை பவுண்டு பெற்றார்கள்.

ஹில் இப்படிக் கோடு வரைந்து வாதிடவில்லை. கடிதங்கள் ஐந்து மடங்கு பெருகும், வருவாயும் அதிகம் குறையாது என்றுதான் அவர் நம்பிக்கை அளித்தார். முதல் ஆண்டுப் புள்ளிவிவரம் வந்ததும் எதிர்ப்பாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்த ஏற்றிருந்த கருவூலப் பணியிலிருந்து 1842இல் அவர் விலக்கப்பட்டார். 1846இல் தபால் துறைக்குத் திரும்பி, 1854 முதல் 1864 வரை அதன் செயலராக இருந்தார். இந்தியாவிலும் 1854இல், தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் காலத்தில், கால் தோலா எடைக்குள்ளான கடிதத்துக்குத் தூரம் பாராமல் அரை அணா என்ற ஒரே கட்டணம் வந்தது.

4. கோடு எதுவரை செல்லும்

மேலே வரைந்த கோட்டின்படி 12.2 பென்ஸில் ஒருவரும் கடிதம் எழுதக் கூடாது. ஆனால் எடின்பரோவுக்குப் பதின்மூன்றரை பென்ஸ் கொடுத்து எழுதியவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கோடு அங்கே பொய்யாகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அது சொல்வதை ஓரளவு நம்பலாம். அவற்றுக்கு வெளியே நீட்ட நீட்ட நம்பிக்கை குறையும். நமது விடையான ஆறு பென்ஸ் நல்லவேளையாக நடுவில் விழுகிறது.

காலத்தின் எல்லை இதைவிட முக்கியம். 1850இல் கடிதங்கள் சுமார் 34.7 கோடி. அந்த ஆண்டின் சராசரி வருவாய் கடிதம் ஒன்றுக்கு 1.57 பென்ஸ். நம் கோடு அந்த விலைக்குச் சொல்லும் அளவு 17.5 கோடி மட்டுமே. உண்மை அதன் இரு மடங்கு. 1851 அளவில் மொத்த வருவாய் பழைய நிலையைத் தாண்டியது. நிகர வருவாய் மீள மேலும் பல ஆண்டுகள் ஆயின.

பத்து ஆண்டுகளில் என்ன நடந்தது? இருப்புப்பாதைகள் பரவின, மக்கள்தொகை பெருகியது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கூடினார்கள். இவை கோட்டையே வலப்பக்கம் தள்ளும். கூடவே, மலிவு விலையே உண்டாக்கிய மாற்றமும் உண்டு. கடிதம் எழுதுவது பழக்கமாவதற்கு, வணிகர்கள் விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பக் கற்றுக்கொள்வதற்கு, வேலைக்காக ஊரைவிட்டுப் போன மகளுக்குத் தாய் மாதந்தோறும் எழுதலாம் என்று துணிவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஓர் ஆண்டில் அளந்த சாய்வு இதைக் காட்டாது. பெருக்கம் முழுவதும் விலையால் வந்தது என்றே வைத்துக்கொண்டு 1839ஐயும் 1850ஐயும் இணைத்துக் கோடு வரைந்தால், வருவாய் உச்ச விலை 4.6 பென்ஸ் ஆகிறது. ஆறு பென்ஸ் எங்கே, இது எங்கே! அப்போதும் அது ஒரு பென்னி ஆகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பென்னிக் கட்டணத்தை வருவாயைக் கொண்டு நியாயப்படுத்தவே முடியாது. விடுபட்டவர்களை எண்ணினால்தான் அதன் நியாயம் தெரியும்.

5. புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன

பாடநூலில் சமன்பாடு தயாராக வருகிறது. வெளியே அதை நாமே கட்ட வேண்டும். இங்கேதான் பெரிய அறிஞர்களும் தடுமாறினார்கள். 1914இல் ஹென்றி மூர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கச்சா இரும்பின் விலையையும் அளவையும் ஆண்டுவாரியாக எடுத்துக் கோடு பொருத்தியபோது, விலை ஏற ஏறத் தேவையும் ஏறுகிறது என்று விடை வந்தது. தொழில் செழித்த ஆண்டுகளில் இரும்பின் தேவையே மேலே நகர்ந்தது. விலையும் உடன் ஏறியது. அவர் அளந்தது தேவைக் கோட்டை அல்ல, அது நகர்ந்த தடத்தை. 1927இல் எல்மர் வொர்க்கிங் இந்தச் சிக்கலைத் தெளிவாக விளக்கினார்.

தபால் கணக்கிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. புதிய 9.3 கோடியில் ஒரு பகுதி முன்பு சட்டத்துக்குப் புறம்பாக வண்டிக்காரர்கள் கையில் போனவை. இன்னொரு பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களின் சலுகையால் இலவசமாகப் போனவை. அந்தச் சலுகை 1840இல் நீக்கப்பட்டது. அவற்றை முழுக்கப் புதிய கடிதங்களாக எண்ணினால் கோட்டின் சாய்வு பிழையாகும். நான் சொன்ன 10.9 லட்சமும் சற்றுக் குறையும்.

நம் ஊரில் ஓர் எடுத்துக்காட்டு. 2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆனது. அதன் முன்பின் பயணிகள் எண்ணிக்கையை எடுத்து இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு வரைய யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது பெருந்தொற்றுக் காலம். முடங்கிய அலுவலகங்கள் திறந்தன, இரண்டாம் அலையில் மறுபடி மூடின. அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாறியது கட்டணம் மட்டும் அன்று.

இருந்தாலும் வழி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்த 10 ரூபாய்க் கட்டணம் அப்போது மாறவில்லை. தொற்றின் பாதிப்பு குறுந்தூரப் பயணிக்கும் உண்டு, நெடுந்தூரப் பயணிக்கும் உண்டு. கட்டணக் குறைப்பு நெடுந்தூரப் பயணிக்கு மட்டும். குறுந்தூரப் பயணங்கள் எந்த விகிதத்தில் மாறின என்று பார்த்து, அதே விகிதத்தை நெடுந்தூரப் பயணங்களிலிருந்து கழித்தால், எஞ்சுவது கட்டணத்தின் விளைவுக்கு ஓரளவு அருகில் வரும். வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களில் தூரத்தில் குடியிருந்தவர்கள் அதிகமா என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும்; அதற்கு நிலையம் நிலையமாக, மாதம் மாதமாகப் பயணச்சீட்டு எண்ணிக்கை வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கக்கூடிய தரவுதான் அது. சாய்வு கிடைத்ததும் 50 ரூபாயில் வருவாய் எவ்வளவு, 40 ரூபாயில் எவ்வளவு என்று ஒரு பத்தியிலும், ஒவ்வொரு கட்டணத்திலும் பேருந்துப் படிக்கட்டிலேயே தங்கிவிடுபவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த பத்தியிலும் எழுதலாம். முதுகலை மாணவர் எவரேனும் இதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் கணக்கை உடனிருந்து போட நான் ஆயத்தமாக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பேசுங்கள்.